எல்லாம் அடக்கம்

நீலக் கடல். வெண்மணல். நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக்குடில். குடிலின் வாயிலில் ஒரு சாய்வு நாற்காலி. வழவழப்பான தாளில் அச்சான அந்தப் படம் சென்ற மாதம் நம் பள்ளியின் ஆசிரியர் அறையில் கைக்குக் கை மாறியது. 'நான்கு இரவுகள். அறை, மூவேளை உணவு, சிற்றுண்டி, மதுவகை, படகுப் பயணம்: எல்லாம் அடக்கம்' என்று அடியில் கொட்டை எழுத்தில் பொறித்திருந்தார்கள்.

கொண்டுவந்தவர் நம்மோடு பணியாற்றும் நண்பர், கொள்கைத் தோழர். அடுத்த மாதம் அவருக்குத் திருமணம். ஐயர் இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. ஜாதகம் பார்க்கவில்லை, நகை கேட்கவில்லை. மாலை மாற்றி, கையொப்பமிட்டு முடிக்கப் போகிறார்கள். பந்தலுக்கும் பந்திக்கும் பாழாகவிருந்த பணத்தில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து, மாலத்தீவுக்குப் போய்வருவதென்று மணமக்கள் இருவரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். படத்தை நீட்டிய நண்பர் ஒரு கேள்வியையும் சேர்த்தே நீட்டினார்: "போவதில் தவறு ஏதும் உண்டா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். "காசு கொடுக்கிறோம், போகிறோம், வருகிறோம். இதில் சரி என்ன, தவறு என்ன? சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதெல்லாம் அறநூலைப் புரட்டிப் பார்த்துவிட்டா வாங்குகிறீர்?"

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்தக் கேள்வி நம்மை ஒரு மாத காலமாக விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். இன்பம் பாவமன்று. மேலுலகில் கிடைக்கும் என்று ஆசை காட்டி இவ்வுலகில் மறுக்கப்பட்ட இன்பங்களின் பட்டியல் மிக நீளமானது. அந்தப் பட்டியலில் கடற்குளியலையும் சேர்த்து வைக்க நாம் சாமியார்கள் அல்லர். ஓய்வு உழைப்பவனின் உரிமை. எவரோ இரங்கி இட்ட பிச்சையன்று. 1936-இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகவே ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை அங்கே சட்டமாயிற்று. கடலைக் கண்டறியாத குடும்பங்கள் இரயிலேறிக் கடற்கரைக்குப் போயின. 1948-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், தன் 24-ஆம் பிரிவில் ஓய்வையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் மனிதனின் உரிமைகளாகவே எழுதி வைத்தது. எனவே, விடுமுறைக்குப் போகும் ஆசிரியரைப் பார்த்து 'ஆடம்பரம்' என்று முகம் சுளிப்பவர் வரலாறு அறியாதவர்.

இன்னும் ஒரு வியப்பு. 'எல்லாம் அடக்கம்' என்னும் ஏற்பாட்டைப் புகழ்பெறச் செய்தவர்களும் சமத்துவத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்கள்! ஜெரார் பிளிட்ஸ் என்பவர் பெல்ஜிய நாட்டவர், நீர்ப்பந்தாட்ட வீரர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நாசிச் சிறைமுகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக மீண்டவர்கள் உடல் தேற ஓய்வில்லம் நடத்தியவர். கடலும் வெயிலும் நல்ல சோறும் மனிதனை மீட்டெடுப்பதை அங்கே கண்டார். 1950-இல் 'கிளப் மெடிதெரானே' என்னும் அமைப்பைத் தொடங்கி, மயோர்க்கா தீவின் அல்கூதியாக் கடற்கரையில், இராணுவம் கழித்துப்போட்ட கூடாரங்களை அடித்தார். ஒரே கட்டணம், உணவு, உறக்கம், விளையாட்டு எல்லாம் அதற்குள். அதிகாரியும் எழுத்தரும் அதே நீச்சலுடையில், அதே நீண்ட மேசையில். பின்னாளில் மதுக்கடையில் நாணயத்துக்குப் பதிலாக மணிகளைக் கோத்து மாலையாக அணிந்துகொண்டார்கள். ஒரு மிடறுக்கு ஒரு மணி. பணப்பை இல்லாத இடத்தில் பணக்காரன் ஏது, ஏழை ஏது என்பது அவர்கள் கனவு.

அழகான கனவு! ஆனால் அந்தக் கூடாரங்கள் நின்ற மண் 1950-இல் யாருடைய ஆட்சியில் இருந்தது? பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில். கூடாரத்துக்குள் சமத்துவம், கூடாரத்துக்கு வெளியே வாய்ப்பூட்டு. விருந்தினர்கள் தமக்குள் சமமாக இருந்தார்கள். அந்த மேசைக்கு மீன் கொண்டுவந்தவன் அந்தச் சமத்துவத்தில் சேரவில்லை. பிறந்தபோதே இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை இதுதான். அது இன்றுவரை அடைபடவில்லை.

மாலத்தீவுக்கு வருவோம். அது நமக்கு அயலூர் அன்று. நாம் பணிபுரியும் தூத்துக்குடியிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இங்கிருந்து தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகின்றன. அங்கே பிடித்து உலர்த்திய மாசியை நம் வீடுகளில் சம்பலாக இடித்துத் தின்கிறோம். மீனும் தோணியும் இணைத்த இரு கரைகள்.

அந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. 1972-இல் குரும்பா என்ற முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. இன்று அத்தகைய விடுதித் தீவுகள் 170-க்கும் மேல். 'ஒரு தீவு, ஒரு விடுதி' என்பது அங்கே கொள்கை. ஆளில்லாத் தீவு ஒன்றை அரசு குத்தகைக்கு விடும். எடுத்தவர் அங்கே மின்னாக்கியும் கடல்நீரைக் குடிநீராக்கும் பொறியும் வைத்து ஒரு தனி உலகம் படைப்பார். ஜமைக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கடலோர உரிமையை ஆங்கிலேய முடியரசிடம் ஒப்படைத்தது. அதன்படி, பிறந்த ஊர்க் கடற்கரையில் கால்வைக்கக் குடிமகனுக்குப் பொதுவான உரிமை இல்லாமற் போயிற்று. அதை எதிர்த்து அங்குள்ளோர் அண்மை ஆண்டுகளில் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். மாலத்தீவில் அப்படி எவரையும் விரட்டவில்லையே, ஆளில்லாத் தீவுகள்தாமே என்பார்கள். உண்மை. ஆனால் ஆளில்லாத் தீவு என்றால் எவருக்கும் பயன்படாத் தீவு என்று பொருளன்று. அக்கம்பக்கத் தீவினர் தேங்காய்க்கும் விறகுக்கும் அங்கேதான் போய்வந்தார்கள். அப்படிப்பட்ட தீவுகளைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் ஏறத்தாழ 8 கோடி டாலர் கருவூலம் வந்துசேராமல் மறைந்ததை 2016-இல் அந்நாட்டின் தணிக்கை அறிக்கையே எடுத்துக்காட்டியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மக்கள் வாழும் தீவில் மது விற்பது குற்றம். விடுதித் தீவில் மது விற்பது வணிகம். மார்க்கத்தின் பெயரால் இயற்றிய சட்டம், கடலைத் தாண்டும்போது நீந்தத் தெரியாமல் மூழ்கிவிடுகிறது போலும்! இறைநெறி எதுவாயினும், டாலரைக் கண்டதும் அது வழிவிட்டு நிற்பதை நாம் எல்லா நாடுகளிலும் கண்டிருக்கிறோம். ஆனால் இந்த ஏற்பாட்டின் விலையை யார் கொடுத்தார்கள் தெரியுமா? 2009-க்கு முன்னர்ப் பல ஆண்டுகள், மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணி தங்குவதற்கு விடுதி நடத்த இயலாது. ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டில் இரண்டு அறையை ஒழித்துக்கொடுத்து நான்கு காசு பார்க்க வழியில்லை. வருவாய் முழுவதும் குத்தகை எடுத்த பெருந்தனக்காரர் வாயிலாகவே பாய வேண்டும். 'ஒழுக்கம் காக்கும் வேலி' என்று சொன்னார்கள். அது யாருடைய பணப்பெட்டியைக் காத்தது என்பதைத் தோழர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் படித்தவை. படித்ததைவிடக் கேட்டது நம்மை அதிகம் உலுக்கியது.

நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் உணவக மேலாண்மையில் பட்டயம் பெற்று, மாலத்தீவில் ஒரு விடுதித் தீவில் வேலை பார்க்கிறான். அறைகளைத் துப்புரவு செய்யும் பணி. விடுப்பில் ஊர் வந்தவன் நம்மைக் காண வந்தான். நண்பருக்காகக் கேட்பதுபோல் மெல்லக் கேட்டோம்: "வேலை கடினமா, தம்பி?"

"கஷ்டமெல்லாம் இல்ல சார். சோறு போடுறாங்க. சம்பளம் தேதிக்கு வந்துருது. இங்க வாங்குறதவிட அதிகம்தான்."

"பிறகென்ன?"

சிறிது நேரம் பேசாதிருந்தான். "விருந்தாளி நடக்குற பாதை வேற, நாங்க நடக்குற பாதை வேற சார். எங்க குடியிருப்பு தீவுக்கு நடுவுல இருக்கு. சுத்தித் தாழம்புதரும் ஓலைத் தட்டியும். ஒரு ரூம்ல நாலு பேரு. அவங்க எங்களப் பாக்கக் கூடாதுன்னு இல்ல. நாங்க வேலை செய்றதப் பாக்கலாம். நாங்க தூங்குறது, துவைக்கிறது, சோறு திங்கிறது, அதப் பாக்கக் கூடாது."

விருந்தினர் எதிர்ப்பட்டால் ஓரமாக நின்று, நெஞ்சில் கைவைத்து, புன்னகைக்க வேண்டும் என்றான். விருந்தினர் குளிக்கும் கடற்கரையில் இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் அவன் இறங்கியதில்லை. பணியாளர் குளிக்க மின்னாக்கி இரையும் பக்கத்தில் ஒரு மூலை உண்டு. தமிழாசிரியர் ஒருவர் அவனுக்கு வைத்த இனிய தமிழ்ப்பெயர், வாயில் நுழையவில்லை என்று, சட்டைப் பட்டையில் 'சாம்' ஆகியிருக்கிறது. "சாம்னு கூப்பிட்டா இப்ப ஊர்லயும் திரும்பிப் பாக்குறேன் சார்" என்று சொல்லிச் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, இதில் சவுக்கு இல்லை, விலங்கு இல்லை, பட்டினி இல்லை. கொடுமை என்று கூவுவதற்கு ஒன்றும் இல்லாதபடி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதனால்தான் இது சிந்திக்க வேண்டியதாகிறது. மனிதன் ஒருவனுடைய உழைப்பு கண்ணில் பட வேண்டும், அவனுடைய வாழ்வு கண்ணில் படலாகாது என்றொரு விதி. அந்த விதிக்கு வேலி கட்டும் செலவும் நண்பரின் நான்கு இரவுக் கட்டணத்தில் அடங்கியிருக்கிறது. எல்லாம் அடக்கம்! அடக்கம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் பணிவு என்றும் பொருள் உண்டு. புதைத்தல் என்றும் பொருள் உண்டு. அந்தத் தாளை அச்சிட்டவர் இவற்றையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார்.

தீவுக்குள் வேலியென்றால், தலைநகரம் வேலிக்கும் வெளியே கிடக்கிறது. விமான நிலையமே ஒரு தனித் தீவு. இறங்கியவுடன் விரைபடகோ கடல்விமானமோ விருந்தினரை அள்ளிக்கொண்டு போய்விடும். மாலே நகரத்தின் தெருவில் ஒரு கால்கூட வைக்க வேண்டியதில்லை. அந்த நகரத்தில்தான் நாட்டின் மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கட்டடம் கட்டவும், சுமை தூக்கவும், குப்பை அள்ளவும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே அடைந்து கிடக்கிறார்கள். 2022 நவம்பர் 10-ஆம் நாள் அங்கே ஒரு கட்டடத்தில் தீப்பற்றியது. கீழே வண்டி பழுதுபார்க்கும் கொட்டில். மேலே வெளிநாட்டுத் தொழிலாளர் குடியிருப்பு. அந்த மாடிக்கு இருந்தது ஒரே ஒரு சன்னல் என்று செய்திகள் கூறின. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியர்.

ஒரே ஒரு சன்னல்! நண்பரின் படத்தில் உள்ள குடிலுக்கோ, கடலைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடி.

2024 சனவரியில் நம் நாட்டில் ஒரு கூச்சல் எழுந்ததை மறந்திருக்கமாட்டோம். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் இந்தியப் பிரதமரை இழித்துப் பேசிவிட்டார்கள். ஆகவே அந்நாட்டைப் புறக்கணியுங்கள் என்றார்கள். முந்திய ஆண்டில் 2 இலட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகளின் தொகை அவ்வாண்டில் 1 இலட்சத்து 30 ஆயிரம் அளவுக்கு இறங்கிற்று. ஒரு சொல்லுக்கு அவ்வளவு ரோஷம் வந்த நாட்டில், அந்த ஒற்றைச் சன்னலுக்காக எத்தனை பேர் பயணச்சீட்டைக் கிழித்தார்கள்?

அப்படியானால் போகாதே என்பதுதான் விடையா? நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். மாணவனிடம் சொல்லவும் சொன்னோம். அவன் பதறிப்போனான். "அப்படிச் சொல்லிராதீங்க சார். அறை காலின்னா எங்க பையும் காலி." 2020 மார்ச்சு இறுதியிலிருந்து சூலை நடுவரை, கொள்ளைநோய்க்கு அஞ்சி மாலத்தீவு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவடைத்தது. வேலி இருந்த தீவுகளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு நாட்டின் வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பயணிகளை நம்பியிருக்கும்போது, நாம் வீட்டில் உட்கார்ந்து காக்கும் தூய்மைக்கு அங்கே ஒருவன் பட்டினி கிடந்து விலை கொடுக்கிறான். தன் கை அழுக்காகக் கூடாது என்பதையே அறமென்று எண்ணுவது, தீட்டுப் பார்ப்பவனின் மனப்பான்மைக்கு நெருங்கிய உறவு. நாம் அந்த உறவை நாட வேண்டாம்.

'அவர்கள் விரும்பித்தானே வேலைக்கு வந்தார்கள்?' என்று கேட்பார் உண்டு. ஆம், விரும்பித்தான் வந்தார்கள். ஊதியத்தை விரும்பி வந்தார்கள். தாழம்புதரை எவரும் விரும்பி வரவில்லை. அதற்குமேல் அந்த வாதத்துக்கு விடை தேவையில்லை.

கத்தரிக்காய்க் கேள்விக்குத்தான் விடை தேவை. அது எளிய கேள்வியன்று. நாம் உடுத்தும் துணியை நெய்தவன் யார், குடிக்கும் தேநீரைக் கொய்தவள் யார் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஆராய்ந்துகொண்டிருந்தால் மூச்சு விட நேரம் இராது. அறியாமை மனிதனுக்கு இயல்பு. அறிய முடியாததை அறியாதிருப்பது குற்றமாகாது. ஆனால் அறியாமையில் இரண்டு வகை உண்டு. தூரத்தால் வந்த அறியாமை ஒன்று. விலைகொடுத்து வாங்கிய அறியாமை மற்றொன்று. கத்தரிக்காய் விளைவித்தவன் பத்து ஊர் தாண்டி இருக்கிறான். அவனை நமக்குத் தெரியாதது தூரத்தின் பிழை. அறையைத் துப்புரவு செய்பவனோ ஐம்பது அடி தள்ளித் தூங்குகிறான். அவனை நாம் அறியாதபடி ஒரு தட்டி நிற்கிறது. அந்தத் தட்டிக்கு நாமே பணம் கட்டியிருக்கிறோம். 'எனக்குத் தெரியாது' என்று அங்கே சொல்பவன், தெரியாமலிருக்கத் தான் கட்டிய கட்டணத்துக்கு இரசீதும் வைத்திருக்கிறான்.

பிறரைச் சொல்வானேன்? மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனோம். கதிரவன் எழுவதைக் காண்பதற்காக விடியுமுன் தங்கும் விடுதியின் படியில் இறங்கினோம். படிக்கட்டின் அடியில் ஒரு சிறுவன் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முன்னிரவில் நமக்கெல்லாம் தேநீர் கொண்டுவந்த சிறுவன்தான். நம் வகுப்பில் இருக்க வேண்டிய வயது. நாற்பது மாணவரும் இரண்டு ஆசிரியரும் அவன் காலைத் தாண்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். கதிரவன் அழகாகத்தான் எழுந்தான். விடுதிக்காரரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே தட்டியும் இல்லை, தாழம்புதரும் இல்லை. இருந்ததை எல்லாம் கண்டோம், கண்டும் தாண்டினோம். மாணவனின் கதையைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது அந்தப் படிக்கட்டுதான்.

இன்று மாலத்தீவில் வேறு வழியும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாழும் தீவுகளில் அவர்களே நடத்தும் சிறு தங்குமனைகள் பெருகியிருக்கின்றன. மாஃபுஷி போன்ற தீவுகளில் பயணி தெருவில் நடக்கிறான், மூலைத் தேநீர்க்கடையில் உட்கார்கிறான், மீன் வாங்குகிறான், சிறுவர்கள் பந்தாடுவதைப் பார்க்கிறான். அங்கே எல்லாம் அடக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் கையில் பணம் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. பயணிகளின் நீச்சலுடைக்கென்று கடற்கரையில் ஒரு பகுதியை அடைத்திருக்கிறார்கள். அங்கும் அறை பெருக்குகிறவர் பெரும்பாலும் வங்கதேசத்தவர்தாம். அவருக்குச் சன்னல் உண்டா இல்லையா என்பது நாம் போய்க் கேட்டால்தான் தெரியும். ஆனால் கேட்க முடியும். கேட்பதற்கு நடுவே தட்டி இல்லை. நம்மைக் கேட்டால், நாம் அங்கேதான் போவோம். மதுவும் கிடைக்காது, அதனால் நமக்கொன்றும் இழப்பில்லை.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். வாதாடினார். மணமகள் கண்ணாடிக் குடிலை மிகவும் விரும்புகிறார் என்றார். வாழ்வில் ஒருமுறைதானே என்றார். அதையும் நாம் தள்ளிவிட முடியவில்லை. மறுநாள் மணமகளே ஒரு யோசனை சொன்னதாக வந்து சொன்னார். பயண முகவருக்கு இருவரும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதினார்கள். கேள்விகள் மூன்று: அந்தத் தீவில் பணியாளர் ஓர் அறையில் எத்தனை பேர் தங்குகிறார்கள்? சேவைக் கட்டணம் என்று நம்மிடம் வாங்குவது அவர்கள் கைக்கு முழுதாகப் போகிறதா? வேலை முடிந்த பின்னர் அவர்கள் கடலில் குளிக்கலாமா?

இரண்டே நாளில் மறுமொழி வந்துவிட்டது. மிகவும் பணிவான மறுமொழி. உணவு வகைகளின் பட்டியலும், பழச்சாறு வகைகளின் பட்டியலும், புதுமணத் தம்பதியருக்குப் படுக்கையில் பூத்தூவும் ஏற்பாடு கட்டணமின்றியே உண்டு என்ற செய்தியும், முன்பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளும் அதில் இருந்தன. மூன்று கேள்விகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மணமகள் அதே மூன்று கேள்விகளை மீண்டும் எழுதி, இம்முறை விடுதிக்கே நேராக அனுப்பியிருக்கிறார். முன்பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.